ஆறு நாற்பதுக்குப் போகாத சர்வே

பென்டிரைவ் கேட்டு வந்த போன்

வியாழக்கிழமை மதியம் பால் நிறுவனத்தின் மேலாளர் சிதம்பரம் சார் என்னைக் கூப்பிட்டார். நாங்கள் அவர்களுக்குப் புதிய டெலிபோன் சிஸ்டம் போட்டுக் கொடுத்து நான்கு வாரம் ஆகியிருந்தது.

"கவிதாம்மா, ஒரு சின்ன ஒதவி. நம்ம ஹெல்ப்லைன்ல உக்காருற பொண்ணு இருக்குல்ல, மகேஸ்வரி. அதோட கால் ரெக்கார்டிங் பதினாலு வேணும். நம்பர் அனுப்புறேன். ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க."

"எதுக்கு சார்?"

"போனை எடுத்துட்டுப் பேசாம உக்காந்திருக்கும்மா. விவசாயிங்க அலோ அலோன்னு கத்துறாங்க, இது வாயத் தொறக்க மாட்டேங்குது. கையில செல்ல வச்சு நோண்டிக்கிட்டு இருக்கும்போல. திங்கக்கிழமையோட நிறுத்திரலாம்னு முடிவு பண்ணியாச்சு. நாளைக்கு யூனியன், அது இதுன்னு யாரும் கேட்டா காமிக்க ஆதாரம் வேணும்ல?"

சரி என்றேன். அது என் வேலைதான். ரெக்கார்டிங் வசதி வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது அதை அமைத்துக் கொடுத்தவள் நான்.

படிப்பவர்களுக்கு அந்த ஹெல்ப்லைன் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனம் ஆலங்குடி, கறம்பக்குடி, குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பால் கொள்முதல் செய்கிறது. பால் ஊற்றுகிறவர்களின் மாட்டுக்கு ஏதாவது என்றால் ஒரே எண்ணுக்குக் கூப்பிடலாம். காலையில் பால் கறக்கும்போதுதான் மாடு கத்துவது, தீனி எடுக்காதது, மடி வீங்கியிருப்பது எல்லாம் கண்ணில் படும். பாலை ஊற்றிவிட்டு வந்ததும் போன் செய்வார்கள். மகேஸ்வரி ஊரையும் பெயரையும் குறித்து டாக்டரையோ ஊசி போடுபவரையோ அனுப்புவார். மாடு கத்துகிறது என்றால் பருவத்துக்கு வந்திருக்கிறது, சினை ஊசிக்கு ஒரு நாள்தான் அவகாசம். அன்று ஆள் வராவிட்டால் அடுத்து மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

பதினொரு மணி சர்வே

எங்கள் நிறுவனம் புதுக்கோட்டையில் ஏழு பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம். பெரிய அலுவலகங்களுக்கான தொலைபேசி மென்பொருளை வாங்கி நிறுவிக் கொடுப்பதுதான் தொழில். முன்பெல்லாம் இதற்குச் சுவரில் மாட்டும் ஒரு பெட்டி இருக்கும். இப்போது பெட்டி இல்லை. மென்பொருள் மட்டும் வருகிறது. வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே இருக்கும் சர்வரில், ஹைப்பர்வைசர் என்கிற அடித்தள மென்பொருள் ஒரு இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகப் பிரித்துக் கொடுக்கும். அதில் ஒரு பங்கில் எங்கள் தொலைபேசி ஓடும். அந்தப் பங்கைத்தான் வெர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், என்கிறோம்.

பிரித்துத் தருவதில் ஒரு வசதி உண்டு. இருப்பதைவிட அதிகமாகவும் எழுதிக் கொடுக்கலாம். எட்டு கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள சர்வரில் பதினாறு கோர் கொடுத்ததாகக் கணக்கு காட்டலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்காதவரை ஒன்றும் தெரியாது.

தொலைபேசி மென்பொருளைத் தயாரித்தவர்கள் இதற்கென்று தேவைப் பட்டியல் ஒன்று தருகிறார்கள். எனக்கு அது மனப்பாடம்:

1. நான்கு கோர். வேறு விஎம்முடன் பங்கு போடாமல், ரிசர்வ் செய்து.
2. எட்டு ஜிபி மெமரி. அதுவும் ரிசர்வ் செய்து.
3. டிஸ்க் இடம் முழுவதையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.
4. ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நகல்) எடுத்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே நாள்கணக்கில் ஓட்டக் கூடாது.
5. கடிகாரம் சரியாக ஓட வேண்டும்.

நிறுவும் முன் அவர்கள் சர்வரை நேரில் பார்த்து இந்தப் பட்டியலைச் சரிபார்ப்பதுதான் சர்வே. அதற்கு எப்போது வரலாம் என்று கேட்டபோது சிதம்பரம் சார், "காலையில வராதீங்கம்மா, பால் நேரம். ஒருத்தரும் ஒங்களுக்கு மொகம் குடுத்துப் பேச மாட்டோம். பதினோரு மணிக்கு மேல வாங்க, நிதானமா பாக்கலாம்" என்றார். எங்கள் பக்கம் எல்லா அலுவலகமும் அப்படித்தான். கடையோ, ஆஸ்பத்திரியோ, மண்டியோ, கூட்டம் ஓய்ந்த பிறகு போவதுதான் மரியாதை. நானும் அந்த மரியாதைப்படி ஒன்பதே முக்கால் பஸ் பிடித்துப் போனேன். மோர் கொடுத்தார்கள். சர்வர் அறை சுத்தமாக இருந்தது.

எட்டு கோர், முப்பத்திரண்டு ஜிபி மெமரி. பால் கொள்முதல் விஎம்முக்கு எட்டு கோரும் இருபத்துநான்கு ஜிபியும் எழுதியிருந்தார்கள். கணக்குப்பிரிவு விஎம்முக்கு நான்கு கோர், எட்டு ஜிபி. அங்கேயே கோர் எட்டைத் தாண்டிவிட்டது, மெமரி சரியாகத் தீர்ந்துவிட்டது. ஆனால் திரையில் சிபியு பயன்பாடு ஒன்பது சதவீதம் என்று காட்டியது. மெமரியில் பாதிக்கு மேல் காலி.

"பாதி மெஷின் சும்மாதானே கெடக்கு. இதுக்குப் போயி புது சர்வரா?" என்றார் சிதம்பரம் சார்.

தாளில் மூன்று, நான்கு, ஐந்துக்குச் சரி என்று டிக் செய்தேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் எதிரே எழுதினேன்: "ரிசர்வ் தேவையில்லை. போதிய காலி உள்ளது." கீழே கையெழுத்துப் போட்டேன்.

மின்விசிறி இல்லாத மௌனம்

வியாழன் மாலை பதினான்கு ரெக்கார்டிங்குகளையும் இறக்கினேன். பென்டிரைவில் போடும்முன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது என் பழக்கம். கோப்பு கெட்டிருந்தால் மறுபடி அலைய வேண்டும்.

சிதம்பரம் சார் சொன்னது சரிதான். மணி அடிக்கிறது, எடுக்கிறார், "வணக்கங்க, எந்த ஊருங்க?" என்கிறார். பிறகு ஐந்து விநாடி, ஆறு விநாடி ஒன்றுமே இல்லை. ஒரு பெரியவர், "ஏ தாயி, இருக்கியா போயிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். இன்னொருவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைக்கிறார். நான்காவது கோப்பு வரை எனக்கும் அந்தப் பெண் மேல் கோபம்தான் வந்தது.

ஐந்தாவதை ஹெட்போனில் கேட்டேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். "எந்த ஊருங்க" என்று அவர் கேட்கும்போது பின்னால் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது. அவர் பேசாத அந்த ஆறு விநாடியில் மின்விசிறியும் ஓடவில்லை. பிறகு, பாதி வார்த்தையில், விசிறியோடு சேர்ந்து திரும்ப வருகிறார்.

ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம். விசிறி எப்படி வாயை மூடும்?

பதினான்கையும் மறுபடி கேட்டேன். பதினான்கிலும் அப்படித்தான். ஒரு தாளில் நேரங்களை எழுதினேன். 6:41, 6:52, 7:05, 6:38... எல்லாமே ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில். ஒன்றுகூடப் பத்து மணிக்கு மேல் இல்லை.

சிதம்பரம் சாருக்குப் போன் செய்து, பென்டிரைவை நாளைக்கு நேரில் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "காலையில ஆறு மணிக்கே வாரேன் சார்."

"ஆறு மணிக்கா? அது பால் நேரமாச்சேம்மா."

"அதுக்குத்தான் சார்."

ஆறு நாற்பது

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். பதினொரு மணிக்கு நான் பார்த்த இடம் அது இல்லை. வாசலில் டேங்கர், கேன்கள் உருளும் சத்தம், ஆளுக்கு ஆள் கத்தல். நடுவில் தடுப்புப் பலகை வைத்த ஒரு மூலையில் மகேஸ்வரி. என் வயதுதான் இருக்கும். தலைக்கு மேலே அந்தக் கடகட விசிறி.

நான் யார் என்று சொன்னதும் ஹெட்செட்டைக் கழற்றாமலே பார்த்தார்.

"ரெக்கார்டிங் எடுக்க வந்த மேடமா? எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. நான் பேசாம இருக்குறத நல்லா எடுத்துக்கங்க."

"லைன் சரியில்லைன்னு நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாம? மூணு ஹெட்செட்டு மாத்தியாச்சு. சார்கிட்ட மூணு தடவ சொன்னேன். ஒங்க ரெக்கார்டிங்கதான் போட்டுக் காமிச்சாரு. அதுல நான் பேசலையே! பேசுறதா நெனச்சுக்கிட்டு சும்மாதான் உக்காந்திருக்கமோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு. புதுக்கோட்டைக்குப் போயி காது டாக்டரப் பாத்தேன். அவரு காதுல ஒண்ணும் இல்ல, மனசப் போட்டு ஒளப்பாதம்மாங்கிறாரு."

பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் செல்போனில் குரல் பதிவை ஓடவிட்டேன். ஆறு நாற்பதுக்கு ஒரு அழைப்பு வந்தது.

"ஆத்தா, குன்றாண்டார்கோவில் பக்கத்துலேருந்து பேசுறேன். செவலப்பசு ராத்திரியிலேருந்து கத்துது."

"சரிங்கய்யா, ஊரு பேரு சொல்லுங்க. கார்டு நம்பர் இருக்கா? ஐயா, கேக்குதா? ஐயா... ஊருங்கய்யா, ஊரு பேரு..."

அவர் நிறுத்தவே இல்லை. நான் கையெட்டும் தூரத்தில் இருந்தேன். மறுபக்கக் குரல் துண்டு துண்டாக வந்தது. "அலோ... எடுத்துட்டு எங்க போ... இதுக்கு ஒரு ஆளு..." வைத்துவிட்டார்.

"பாத்தீங்களா? திருப்பிக் கூப்பிடலாம்னா, இந்தா, அதுக்குள்ள ரெண்டு லைன் மினுக்குது. எத எடுக்க?" என்று அடுத்ததை எடுத்தார். அதிலும் பாதிப் பேச்சில் குரல் நின்றது.

சர்வர் அறைக்குப் போனேன். திரையில் ஒன்பது சதவீதம் இல்லை. தொண்ணூற்றாறு. எல்லாக் கொள்முதல் நிலையங்களிலிருந்தும் பால் அளவும் கொழுப்பு அளவும் ஒரே நேரத்தில் வந்து குவிந்துகொண்டிருந்தன. மெமரி தீர்ந்து, சர்வர் டிஸ்க்கில் எழுதித் திண்டாடிக்கொண்டிருந்தது. என் விஎம்முக்கு எதிரே 'சிபியு ரெடி' என்ற ஒரு எண் உண்டு. வேலைக்குத் தயாராக நின்றும் கோர் கிடைக்காமல் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று அது சொல்லும். இத்தனை வருடத்தில் அவ்வளவு பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். பால் கணக்கு அரை நிமிடம் காத்திருந்து உள்ளே போனாலும் கணக்குத்தான். குரல் காத்திருக்காது. தாமதமாக வந்த குரலைத் தூக்கி எறிவதைத் தவிர மென்பொருளுக்கு வேறு வழியில்லை. எறிந்தது போக மிஞ்சியதைத்தான் அது விவசாயிக்கும் அனுப்பியது, ரெக்கார்டிங்கிலும் எழுதியது. மகேஸ்வரிக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் அவர் வாயை அடைத்ததும் ஒரே இயந்திரம். அதை அங்கே அப்படி வைத்தவள் நான்.

தற்செயலும் இல்லை. மாடு கறந்தால்தான் பால் கணக்கு வரும். மாடு கறந்தால்தான் போனும் வரும். இரண்டும் ஒரே மணிக்குத்தான் வரும் என்பது அந்த ஊரில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அறிக்கையில் ஒரு வரி

புதுக்கோட்டைக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். அதோடு இரண்டு ஒலிக்கோப்புகளை இணைத்தேன். ஒரே அழைப்புதான். என் செல்போன் பதிவில் மகேஸ்வரி பேசிக்கொண்டே இருக்கிறார். சர்வர் பதிவில் இல்லை.

எங்கள் முதலாளி ரவிச்சந்திரன் சார் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்கு. இந்த வரி மட்டும்... 'எங்கள் சர்வேயில் நேர்ந்த பிழை'. இது அவசியமா?"

"நடந்தது அதுதான் சார்."

"நடந்தது அதுதான். நான் இல்லங்கல. நெட்வொர்க்ல ஏற்ற இறக்கம்னு போட்டுட்டு, சத்தமில்லாம ரிசர்வேஷன் குடுத்துட்டு வந்துரு. பிரச்சினையும் தீந்துரும், யாருக்கும் மொகக்கோணல் இல்ல. அவங்களோட இன்னும் மூணு பால் சென்டருக்குப் போன் போடுற ஆர்டர் மேசையில கெடக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார். நெட்வொர்க்னு எழுதுனா எந்த நெட்வொர்க்னு தேடுவாங்க. அவங்க ஹெட்செட்டுலேருந்துதான் ஆரம்பிப்பாங்க. திங்கக்கிழமைக்குள்ள முடியாது. அதுக்குள்ள அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிரும்."

பேனாவை மூடி வைத்தார். "ஒம் பேர்ல அனுப்பிக்க. நான் கையெழுத்துப் போடல."

என் பெயரில் அனுப்பினேன். தைரியம் என்றெல்லாம் அதற்குப் பெயர் வைக்க மாட்டேன். அனுப்பிய பிறகு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

சனிக்கிழமை சிதம்பரம் சார் வரச்சொன்னார். அறிக்கையை மேசையில் விரித்து வைத்திருந்தார். இரண்டு ஒலிக்கோப்பையும் அடுத்தடுத்துப் போடச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார்.

"அப்ப இந்தப் பொண்ணு பேசிட்டுத்தான் இருந்துச்சா?"

"ஆமா சார்."

"நானா இருந்தா கத்தியிருப்பேன். அது ஒண்ணும் கத்தலையே."

"உங்ககிட்ட மூணு தடவை சொன்னதா சொன்னாங்க சார்."

அவர் கோபம் என் பக்கம் திரும்பியது. அது நியாயமும்கூட.

"ஏம்மா, படிச்ச பிள்ளதானே? பால் டிப்போவப் பதினோரு மணிக்கு வந்து பாத்தா என்ன தெரியும்? கழுவிக் கவுத்து வச்ச கேன்தான் தெரியும்."

பதினொரு மணிக்கு வரச் சொன்னவர் நீங்கள்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவர் பால் வியாபாரி. எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியது என் தொழில்.

அன்று மதியம், பால் வேலை ஓய்ந்த பிறகு, அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று வேலை செய்தேன். பால் கொள்முதல் விஎம்முக்கு எழுதியிருந்த எட்டு கோரை நான்காகக் குறைத்தேன். மெமரியைப் பதினாறாக்கினேன். எங்கள் விஎம்முக்குத் தேவைப் பட்டியலில் உள்ளபடியே நான்கு கோரும் எட்டு ஜிபியும் ரிசர்வ் செய்தேன். இது தற்காலிகம், தொலைபேசிக்குத் தனியாக ஒரு சிறிய சர்வர் வைப்பதுதான் சரி என்று எழுதியும் கொடுத்தேன்.

பதினான்கு போன்

மாட்டுக்கு ஞாயிறு கிடையாது என்பதால் மறுநாள் காலையே சோதித்துப் பார்க்க முடிந்தது. ஆறு மணியிலிருந்து மகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழரை வரை வந்த அத்தனை அழைப்பிலும் குரல் நிற்கவில்லை. சிபியு ரெடி எண் கிட்டத்தட்டப் பூஜ்யம். பால் கணக்கு ஏற வழக்கத்தைவிடச் சற்று நேரம் ஆனது. யாரும் கேட்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் நான் என்ன எழுதினேன் என்பதையும்.

"அப்ப நீங்கதானா?" என்றார். "நான் அந்தக் காது டாக்டருக்கு எத்தன நாள் லீவு போட்டேன் தெரியுமா?" சற்று நேரம் விசிறியைப் பார்த்தார். "சரி, விடுங்க. சார் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. 'வேலையப் பாரும்மா'ன்னுட்டுப் போனாரு. அவருக்கு அவ்வளவுதான் வரும்."

"வேற ஏதாவது நான் செய்யணுமா?"

"அந்தப் பதினாலு நம்பரையும் குடுங்க."

"எதுக்கு?"

"அவுங்க எல்லாம் ஊர்ல என்ன சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க? அங்க ஒரு ஊமை உக்காந்திருக்குன்னு. எங்க சித்தி ஊருக்காரரே ஒருத்தர் அதுல இருக்காரு. நீங்க சார்கிட்ட சொல்லிட்டீங்க. இவுங்ககிட்ட யாரு சொல்றது?"

தேதிவாரியாக எழுதிய தாளைக் கொடுத்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "ஐயா, பால் ஆபீஸ் மகேஸ்வரி பேசுறேன். அன்னைக்கு நான் பேசிக்கிட்டேதாங்க இருந்தேன், மெஷின்ல கோளாறு, ஒங்களுக்குக் கேக்கல. மாடு இப்ப எப்படி இருக்கு?" சிலர் அப்படி ஒன்று நடந்ததையே மறந்திருந்தார்கள். ஒருவர், "அட, நீ பேசுவியா?" என்று சிரித்தார். ஒரு அம்மாவின் கன்றுக்குட்டி செத்துப்போயிருந்தது. வேறு நோய், இந்தப் போனுக்குச் சம்பந்தமில்லை என்று அவரே சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். நிச்சயமாக எனக்குத் தெரியாது.

பட்டியலில் முதல் எண்ணை மகேஸ்வரி கடைசியாகத்தான் கூப்பிட்டார். மூன்று ஞாயிறுக்கு முன்னால், "இருக்கியா போயிட்டியா" என்று கேட்டு வைத்தவர். ஸ்பீக்கரில் போட்டார்.

"நீதானா அது?" என்றார் பெரியவர். "அன்னைக்கு ஊசி போட ஆளு வரல தாயி. மூணு வாரம் வீணாப் போச்சு. சரி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இன்னைக்கு விடியக்காலமே திரும்பக் கத்த ஆரம்பிச்சிருச்சு. இப்பவாச்சும் கேக்குதா நான் பேசுறது?"

"நல்லாக் கேக்குதுங்கய்யா. ஊரு பேரு சொல்லுங்க."

அவர் சொன்னார். மகேஸ்வரி எழுதிக்கொண்டார். பதினொரு மணிக்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்று சென்டர் ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது. நிறுவுவதற்கு வேறு ஒருவரை அனுப்பினார்கள். அந்த நிறுவனத்துக்கு நான் போய் ஆறு மாதம் ஆகிறது. ரவிச்சந்திரன் சார் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் சர்வே தாளை மாற்ற வேண்டும் என்று நான் கேட்டபோது மறுக்கவில்லை. இப்போது கோர், மெமரி, டிஸ்க் எல்லாம் நான்காவது வரியிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் மூன்றையும் நிரப்பாமல் கீழே இறங்கக் கூடாது:

1. இங்கே கூட்டம் எத்தனை மணிக்கு? (மேலாளரிடம் அல்ல, போனை எடுப்பவரிடம் கேட்கவும்.)
2. அந்த மணிக்கு நேரில் வந்து பார்த்தீர்களா?
3. பார்த்தவர் கையெழுத்து, நேரத்துடன்.

போன வாரம் ஒரு மீன் ஏலக் கூடத்துக்கு சர்வே. "காலையில வராதீங்க மேடம், நிக்க எடம் இருக்காது" என்றார் அங்கே போனை எடுப்பவர். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான்கு மணிக்கு அலாரம் வைத்தேன்.